சுவருக்கு வெளியே ஒரு தளம்

மாடி வீட்டிலே வாழ்பவருக்கு முற்றம் இல்லை. விடியற்காலையில் எழுந்து வந்து வானத்தை அண்ணாந்து பார்க்கவும், துவைத்த துணியை வெயிலில் விரிக்கவும், ஒரு பூச்சாடியை வைத்து நீர் ஊற்றவும் அவருக்கு உள்ள இடமெல்லாம் சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் சிறு தளம் ஒன்றே. அதனைப் பல்கனி என்று வழங்குகின்றோம். அதில் நின்று காற்று வாங்குவோர், காலின் கீழுள்ள தளம் எதனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைச் சற்று எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நம் நாட்டிலே தொடர்மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் கொங்கிறீற்றால் எழுகின்றன. அவற்றிலே பல்கனி என்பது வீட்டுத் தளத்தின் தொடர்ச்சியே. உள்ளே கிடக்கும் கம்பி வெளியேயும் நீண்டு செல்லும். ஆனால் வட அமெரிக்கா, பிரித்தானியா, ஸ்கந்தினேவியா முதலிய இடங்களில் நான்கு, ஐந்து, ஆறு மாடி கொண்ட குடியிருப்புகளும் மரச்சட்டங்களால் ஆக்கப்படுகின்றன. செங்குத்தாக நெருங்கி நிற்கும் மரக்கால்கள், அவற்றின் தலையிலும் அடியிலும் கிடையாக ஓடும் சட்டங்கள், அவற்றின் மேல் தளத்தைத் தாங்கும் வளைகள், இவை அனைத்தையும் இறுக்கிப் பிடிக்கும் பலகைகள்: இவ்வளவே அக்கட்டடத்தின் எலும்புக்கூடு. ஒரு மாடியின் சுவர்கள் எழுந்ததும் அதன்மேல் வளைகள் பரப்பப்படும்; அவ்வளைகளின் மேல் அடுத்த மாடியின் சுவர்கள் எழும். சுவர்கள் பட்டறையிலேயே சட்டமிடப்பட்டு வருவதால் வேலை விரைவாக முடிகின்றது. கட்டடத்தின் நிறையும் குறைவு. இடநெருக்கடி மிக்க நகரங்களிலே இம்முறை விரும்பப்படுவதற்கு இவையே காரணங்கள்.

இத்தகைய கட்டடத்திலே பல்கனியைப் பொருத்துவது எளிய காரியம் அன்று. ஏன் என்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். நீர் நிறைந்த குடத்தை மார்போடு அணைத்து நிற்பவர் நெடுநேரம் நிற்பார். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் தோள் கடுத்துவிடும். குடத்தின் நிறை மாறவில்லை; தோளிலிருந்து அதற்குள்ள தூரம் மாறிவிட்டது. நிறையையும் தூரத்தையும் பெருக்கிவருவதைப் பௌதிகவியலார் திருப்பம் என்பர்.

இனி, 3 மீற்றர் நீளமும் சுவரிலிருந்து 1.5 மீற்றர் முன்நீட்சியும் உள்ள ஒரு பல்கனியைக் கொள்வோம். அதன் சொந்த நிறை 900 கிலோகிராம் என்றும், ஒரு விருந்து நாளிலே பதினாறு பேர் நெருங்கி நின்றதனால் மேலும் 1100 கிலோகிராம் ஏறியது என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 2 தொன். அந்நிறையின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 75 சென்றிமீற்றர் தூரத்தில் உள்ளது. பல்கனியைச் சுவரிலே பிடிக்கும் இரும்புத் தாங்கியின் மேல் மரையாணிக்கும் அது அழுந்தும் கீழ் விளிம்புக்கும் இடையே 25 சென்றிமீற்றர் உயரம் மட்டுமே கிடைக்கும். ஏனெனில் தளத்தின் தடிப்பு அவ்வளவே. 75 ஐ 25 ஆல் வகுக்க 3 வரும். எனவே 2 தொன் நிறை, மேல் மரையாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் 6 தொன் இழுவையாக மாறுகின்றது. கொங்கிறீற்றிலே புதைந்த கம்பிக்கு இது பெரிதன்று. 4 சென்றிமீற்றர் தடிப்பே உள்ள ஒரு சட்டத்துக்கு இது மிகப் பெரிது. ஆகவே அவ்விழுவையைச் சுவரின் மேற்பரப்பிலே விட்டுவிடாமல், தளத்தின் உள்ளே நெடுந்தூரம் கொண்டுசென்று பல வளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும். வளைகள் சுவருக்குச் செங்குத்தாக ஓடினால் இரும்புப் பட்டைகளை அவற்றின் நெடுகிலும் பொருத்தலாம். வளைகள் சுவருக்கு இணையாக ஓடினாலோ பற்றிக்கொள்ள ஒன்றும் இராது. இடைக்கட்டைகள் வைத்து, பட்டையைப் பல வளைகளின் குறுக்கே இழுத்துக் கட்டவேண்டும். இதனைப் படம் வரையும்போதே எண்ணியிருத்தல் வேண்டும். சுவர் எழுந்த பின்னர் எண்ணிப் பயனில்லை.

இந்த இழுவையைக் குறைக்க வழி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பல்கனியின் வெளி விளிம்பைத் தரையிலிருந்து எழும் தூண்களின் மேல் நிறுத்தினால், நிறையிற் பாதி தூண் வழியாகத் தரைக்குச் செல்லும். மறுபாதி சுவரிலே நேராகக் கீழ்நோக்கி அழுத்தும். பிடுங்கும் இழுவை ஏறக்குறைய இல்லாமற் போய்விடும். வேறொரு வழி, வெளி விளிம்பிலிருந்து சாய்வான இரு உருக்குக் கம்பிகளை மேற்சுவருக்குக் கட்டித் தொங்கவிடுதல். கம்பி 45 பாகைச் சரிவில் இருந்தால் நமது கணக்கின்படி மேற்சுவரை இழுக்கும் விசை 1 தொன் அளவே ஆகும். ஆறுக்கு ஒன்று எத்துணை இலகு!

அவ்வாறாயின் எல்லாப் பல்கனிகளையும் தூணிலே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஆங்கே இரண்டு தடைகள் எழுகின்றன. முதலாவது, இடம். நெருக்கமான நகரத் தெருவிலே கட்டடத்தின் சுவர் நடைபாதையின் விளிம்பிலேயே நிற்கும். நடைபாதை பொதுமக்களுக்கு உரியது. அதில் தூண் ஊன்ற முடியாது. உள்முற்றம் உள்ள பக்கத்திலேதான் தூணுக்கு வாய்ப்புண்டு. இரண்டாவது தடை மரத்தின் இயல்பிலேயே உள்ளது. மரம் உலரும்போது சுருங்கும். நார் ஓடும் திசையில் சுருக்கம் மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கே பெரிது. ஊசியிலை மரம் ஒவ்வொரு 4 சதவீத ஈரலிப்பை இழக்கும்போதும் குறுக்கே ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும் என்பது பொதுக் கணக்கு. ஒரு மாடியிலே 240 மில்லிமீற்றர் ஆழமுள்ள வளையும், ஒவ்வொன்றும் 38 மில்லிமீற்றர் தடிப்புள்ள மூன்று கிடைச்சட்டங்களும் படுத்துக் கிடக்கின்றன என்க. கூட்டினால் 354 மில்லிமீற்றர். கட்டும்போது 20 சதவீதமாக இருந்த ஈரலிப்பு, குடிபுகுந்து சில காலத்தின் பின் 12 சதவீதமாக இறங்கினால், அம்மரம் 2 சதவீதம், அதாவது 7 மில்லிமீற்றர் சுருங்கும். நான்கு மாடிகளின் மேலுள்ள தளம் 28 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். வெளியே நிற்கும் உருக்குத் தூணோ சிறிதும் சுருங்காது.

இதன் விளைவைப் பாருங்கள். மழைநீர் வெளியே வழிந்தோடும் பொருட்டு, பல்கனியின் தளம் 80 க்கு 1 என்ற அளவிலே வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும் என்று கொள்வோம். 1.5 மீற்றருக்கு இச்சரிவு ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். வீட்டுப் பக்கம் 28 மில்லிமீற்றர் தாழ்ந்ததும் சரிவு தலைகீழாகிவிடும். தெருவை நோக்கி ஓடவேண்டிய நீர் வீட்டை நோக்கி ஓடத் தொடங்கும். ஆகவே தூணிலே நிற்கும் பல்கனிக்கு, இச்சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு மேலதிகச் சரிவு கொடுக்கவேண்டும்; அல்லது பின்னர் உயரத்தைத் திருத்தக்கூடிய திருகுப் பாதம் வைக்கவேண்டும். சுவரோடு சேரும் இடத்திலே துளையும் நீள்துளையாக இருத்தல் வேண்டும். சுவரை மட்டும் பற்றி நிற்கும் பல்கனிக்கு இத்தொல்லை இல்லை. அது கட்டடத்தோடு சேர்ந்து சீராகத் தாழும். ஆனால் வெளியே செங்கற் போர்வைச் சுவர் இருந்தால், தாங்கியின் கை அதனைத் துளைத்து வரும் இடத்தில் கையின் கீழே போதிய இடைவெளி விடவேண்டும். இல்லையேல் மரம் தாழும்போது கை செங்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, மரையாணியை நெம்பிவிடும். ஒரு வகை இழுவையைப் பெருக்குகின்றது. மற்றொரு வகை சரிவைக் குலைக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே பொறியியலாளர் தெரிவு செய்கின்றார். நெருக்கமான தெரு அத்தெரிவையும் பெரும்பாலும் பறித்துவிடுகின்றது.

இழுவையும் சுருக்கமும் கணக்கிலே அடங்குவன. மூன்றாவது பகை நீர். அது கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. மரம் உலர்ந்திருக்கும் வரை நூற்றாண்டுகள் நிற்கும். அதன் ஈரலிப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் அதனைத் தின்னாது. அவ்வெல்லையைத் தாண்டி நெடுநாள் நனைந்து கிடந்தால் மரம் உக்கத் தொடங்கும். வெளியே வண்ணப்பூச்சு மின்னிக்கொண்டிருக்க, உள்ளே மரம் மாவாகிக்கொண்டிருக்கும்.

2015 ஆம் ஆண்டு யூன் மாதம் 16 ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பேர்க்கிலி நகரிலே இவ்வாறான ஒரு பல்கனி முறிந்து வீழ்ந்தது. ஐந்து மாடி கொண்ட அக்கட்டடத்தின் மேல்மாடியிலே ஒரு பிறந்தநாள் விருந்து. கோடை விடுமுறையில் வேலை செய்ய அயர்லாந்திலிருந்து வந்த மாணவர் பலர் அங்கே கூடியிருந்தனர். பல்கனியில் நின்ற பதின்மூவரும் வீழ்ந்தனர். அறுவர் மாண்டனர், எழுவர் படுகாயமுற்றனர். அவ்வெழுவருள் ஒருவர் 2022 ஆம் ஆண்டிலே காலமானார். மாண்டவர் யாவரும் இருபது வயதை அடுத்த இளைஞர்.

கட்டடம் பழையதா எனின், அன்று. முடிவுற்றுப் பத்தாண்டுகூட ஆகவில்லை. பல்கனியைத் தாங்கியவை வீட்டினுள்ளிருந்து வெளியே நீண்ட மரவளைகள். மேலே நீர்காப்புப் படையும் அதன்மேல் தளமும் மூடியிருந்தன. கீழேயும் அடைப்பு இருந்தது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது. வளைகள் உக்கிப்போய்ச் சுவரின் அருகிலேயே முறிந்தன என்பது விசாரணையிலே வெளிப்பட்டது. நாம் முன்னர்க் கணக்கிட்ட இழுவை மிகப் பெரிதாக இருக்கும் இடமும் அதுவே. நீர் தங்குதற்கு மிக ஏற்ற இடமும் அதுவே. மனிதர் கண்ணுக்கு முற்றிலும் மறைந்த இடமும் அதுவே. இம்மூன்றும் ஓரிடத்திலே கூடியமையே அவ்விரவின் கேட்டுக்குக் காரணம்.

முன்னாக்கப் பல்கனி என்பதன் உண்மையான பெருமை இங்கே விளங்கும். பட்டறையிலே உருக்கினாலோ அலுமினியத்தினாலோ சட்டம், தளம், கைப்பிடி அனைத்தும் சேர்த்து ஆக்கப்பட்டு, முழுப்பொருளாக வண்டியிலே வரும் பல்கனிக்கு அப்பெயர். அது வேலையை விரைவாக்கும் என்று பலர் புகழ்வர். அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. வீட்டின் மரம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றது, வெளியே நீள்வதில்லை. சுவரைக் கடந்து செல்வன நான்கோ ஆறோ உருக்குக் கைகள் மட்டுமே. நீரைத் தடுக்கவேண்டிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியன ஆகின்றன. பல்கனிக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி விடப்படுவதால் அங்கே காற்று உலாவும், நனைந்தது உலரும். மரையாணியைக் கழற்றினால் பல்கனியையே இறக்கிவிடலாம்.

தீயைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 2019 ஆம் ஆண்டு யூன் 9 ஆம் நாள் கிழக்கு இலண்டனில் பாக்கிங் என்னும் பகுதியிலே ஒரு தொடர்மாடி தீப்பற்றியது. பல்கனிகளின் மரப்பலகைகள் வழியே தீ மாடிக்கு மாடி ஏறிற்று. உயிர்ச்சேதம் இல்லை, ஆயினும் 20 வீடுகள் அழிந்தன. 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரிலே எரியும் பொருளைத் தடைசெய்யும் விதி 2018 டிசெம்பரிலேயே இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. புதிதாக எழும் அத்தகைய கட்டடங்களின் பல்கனிகளும் அதனுள் அடங்கும். உலோகப் பல்கனிகள் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, நெருக்கமான தெருவிலே இவற்றை ஏற்றும் முறையைக் காண்போம். வேலை பல்கனி வருவதற்கு நெடுநாள் முன்பே தொடங்குகின்றது. மரச்சுவர் எழுந்து, வெளிப்போர்வை மூடுவதற்கு முன்னர், தாங்கிகள் பூட்டப்படும். மரங்காக்கப் பூசப்படும் செப்புக் கலந்த மருந்துகள் வெறும் இரும்பை அரிக்குமாதலால், நாகம் தோய்த்த உருக்கோ துருவேறா உருக்கோ மரையாணிக்கு வேண்டும். குளிர்நாட்டிலே வெளியிலிருந்து உள்ளே செல்லும் உருக்கு, குளிரையும் தன்னோடு கொண்டுசெல்லும்; உள்வீட்டின் இளஞ்சூடான காற்று அதன்மேல் பட்டு நீர்த்துளியாகும். அதனைத் தடுக்கத் தாங்கிக்கும் கைக்கும் இடையே வெப்பக்காப்புக் கட்டை வைப்பர். பின்னர் ஒவ்வொரு கையைச் சுற்றியும் நீர்காப்புப் படையைக் கழுத்துப்பட்டை போல ஒட்டி, நீர் ஊற்றிச் சோதிப்பர். பட்டறையார் அளப்பது மில்லிமீற்றர் கணக்கில். மரச்சுவரோ சிறிது முன்பின்னாக நிற்கும். எனவே தாங்கிகள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்பதை அளந்து பட்டறைக்கு அனுப்புதல் முறை. அளக்காமல் படத்தை மட்டும் நம்பினால், அந்தரத்திலே தொங்கும் பல்கனியின் துளையும் மரையாணியும் ஒன்றையொன்று சந்திக்காமல் நிற்கும்.

போர்வைச் சுவர் முடிந்து, சாரம் இறக்கப்பட்ட பின்னர்ப் பல்கனிகள் வருகின்றன. அவற்றை அடுக்கி வைக்க அங்கே இடமில்லை. ஆகவே தெருவை மூட அதிகாரிகளிடம் பெற்ற அனுமதி நேரத்துக்குள், ஏற்றவேண்டிய ஒழுங்கிலேயே அடுக்கப்பட்டு வண்டி வரவேண்டும். பாரந்தூக்கியின் கை அயலார் வளவின் மேலாகச் சுழல்வதற்கும் அவர்களது இசைவு வேண்டும். கீழ்மாடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்வது ஒழுங்கு. மேலே ஒரு பல்கனி முன்னரே நின்றால், கீழே மற்றொன்றைக் கயிற்றிலே நேராக இறக்க முடியாதல்லவா? அவ்வாறு நேர்ந்தால், எதிர்நிறை பூட்டிய வளைந்த தூக்குச்சட்டம் கொண்டு பக்கவாட்டாகச் செலுத்தவேண்டும். தூக்கிய பல்கனி காற்றிலே பாய்போல் திரும்பும். அதனைக் கட்டுப்படுத்தக் கீழிருந்து இருவர் கயிறு பிடிப்பர். காற்று மிகுந்தால் வேலை நிற்கும். வாசலின் உள்ளே, இடையில் காப்புப் பட்டை கட்டி நிற்கும் தொழிலாளர் அதனை வாங்கிக் கைகளின் மேல் செலுத்தி, மரையாணியிட்டு, குறித்த அளவுக்கு இறுக்கிய பின்னரே தூக்குக் கொழுக்கி கழற்றப்படும்.

இவ்வேலையைக் காண்போர் பாரந்தூக்கியையே வியந்து நிற்பர். ஆனால் இவர்கள் ஏற்றும் பல்கனியின் ஆயுள் அன்று தீர்மானமாவதில்லை. சில கிழமைகளுக்கு முன்னர், சுவர் திறந்திருந்த நாளிலே, உள்ளங்கை அளவான அந்த மூட்டைப் பூட்டியவரின் நேர்மையிலே தீர்மானமாகிவிட்டது. நெருக்கமான தெருவின் ஆபத்து இதுவே: நேரம் குறைவு, வாடகை மிகுதி, அடுத்த வேலையாள் பின்னால் காத்திருக்கின்றார். ஒரு மரையாணி குறைந்தாலும், கழுத்துப்பட்டை ஒன்று ஒட்டாமல் விடப்பட்டாலும், மறுநாள் போர்வை மூடியதும் எவரும் அறியார். ஆதலால் மூடுமுன் ஒவ்வொரு மூட்டையும் மற்றொருவர் பார்த்து, படம் பிடித்து, கையொப்பமிடுவது நல்ல கட்டடகாரரின் வழக்கம். பத்து நிமிடம் எடுக்கும் இவ்வேலைக்கு ஈடான காப்பு வேறில்லை.

மூடிய பின்னரும் பார்க்கவேண்டும் என்பதைப் பேர்க்கிலி கற்பித்தது. கலிபோர்ணியா மாநிலம் 2018 ஆம் ஆண்டிலும் 2019 ஆம் ஆண்டிலும் இரு சட்டங்களை இயற்றியது. தரையிலிருந்து 6 அடிக்கு மேலுள்ளனவும் மரத்தைத் தாங்கலாகக் கொண்டனவுமான பல்கனி, வெளிப்படி முதலியவற்றை, வாடகைக் குடியிருப்புகளிலே ஆறு ஆண்டுக்கு ஒரு முறையும், சொந்த வீட்டாரின் கூட்டுரிமைக் கட்டடங்களிலே ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறையும் தகுதி பெற்றவர் ஆராயவேண்டும் என்பது அவற்றின் சாரம்.

அதிகாரி வரும்வரை குடியிருப்போர் காத்திருக்க வேண்டியதில்லை. பல்கனியின் அடியிலே கறை தோன்றினாலும், வாசலருகே தளம் மிதிக்கும்போது மெத்தென்றிருந்தாலும், மழை விட்ட பின்னரும் நீர் சுவரோரம் தேங்கி நின்றாலும், வடிகுழாய் அடைத்திருந்தாலும், இரும்பிலிருந்து துருநீர் வழிந்தாலும், கைப்பிடி ஆடினாலும் அன்றே சொல்லுதல் வேண்டும்; பார்த்து முடியும்வரை அதன்மேல் கூட்டம் சேர்க்காதிருத்தல் வேண்டும். கறை படிந்த இடத்திலே வண்ணம் பூசுவது மருந்தாகாது. நோயை மறைப்பதாகவே முடியும்.

சுவருக்கு வெளியே ஓரடி எடுத்து வைக்கும் ஒவ்வொருவரும், தாம் ஒருபோதும் காணாத சில மரையாணிகளிடம் தம் உயிரை ஒப்படைக்கின்றனர். அவற்றைக் கண்ணாற் கண்டு பூட்டும் வாய்ப்பு ஒரு சிலருக்கு ஒரே ஒரு நாள் மட்டும் கிடைக்கின்றது. அன்று அவர்கள் அவசரப்படாதிருந்தால், பின்னர் எத்தனையோ விருந்து நாள்கள் அப்பல்கனியிலே இனிது நடந்தேறும்.